பெயர் இல்லாத 9 வயதுப் பெண்: 1860 அடிமை அட்டவணையை எப்படி வாசிப்பது?

ஜார்ஜியா_மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று கேட்டே ஆக வேண்டிய கேள்வி வந்துவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் ஆரணி. 19 வருடமாக அட்லாண்டா பக்கம் இருக்கிறோம். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இப்போது 84 வயது. தன்னை வளர்த்த பாட்டி சொன்ன கதைகளை இன்னும் வரி தவறாமல் சொல்வார். அந்தப் பாட்டியின் அம்மா அடிமையாகப் பிறந்தவர். 1864 கடைசியில், உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் தளபதி ஷெர்மனின் படை ஜார்ஜியாவைக் கடந்து போனபோது சமையல்கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாராம். அத்தைக்கு அவர் கொள்ளுப்பாட்டி. பெயரைப் பொதுவில் போட அத்தைக்கு விருப்பமில்லை. அதனால் இங்கே கொள்ளுப்பாட்டி என்றே எழுதுகிறேன்.

1870 சென்சஸில் அவரைக் கண்டுபிடித்துவிட்டேன். வயது 19. கணவர், ஒரு வயதுக் குழந்தை. பக்கத்து வீட்டில் அதே குடும்பப் பெயருடன் 45 வயதுப் பெண் ஒருவர், பிறந்த இடம் வர்ஜீனியா. இரண்டு பக்கம் தள்ளி அதே குடும்பப் பெயரில் ஒரு வெள்ளைக்கார நிலக்காரர். அவர் பெயரை வைத்து 1860 அடிமை அட்டவணையைத் திறந்தேன். அவர் பெயருக்குக் கீழே 14 வரிகள். ஒன்றிலும் பெயர் இல்லை. வயது, பால், நிறம் மட்டும்தான். அதில் ஒரு வரி: 9, பெண், கறுப்பு.

1870-ல் 19 என்றால் 1860-ல் 9. சரியாக வருகிறது. அந்த வரியைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். இதைக் குடும்ப மரத்தில் ஏற்றலாமா? அடுத்த மாதம் அத்தையின் பிறந்தநாள். அச்சடித்துக் கொடுக்க ஆசை.

கணக்கன்

வாழ்த்துகள் மேடம். குடும்பப் பெயர், ஊர், வயது மூன்றும் பொருந்துகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் ஏற்றிவிடுவேன்.

ஏடு_புரட்டி

அம்மா, கொஞ்சம் பொறுங்கள். வட கரோலினாவில் ஒரு கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் நிறையப் பேரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வரி உங்கள் கொள்ளுப்பாட்டியாக இருக்கலாம். ஆனால் இப்போது உங்கள் கையில் இருப்பதை வைத்து அதைச் சொல்ல முடியாது.

முதலில் இந்த அட்டவணை என்ன என்பதைப் பார்ப்போம். 1850-லும் 1860-லும் அமெரிக்க சென்சஸில் சுதந்திர மக்களுக்கு ஒரு படிவம், அடிமைகளுக்குத் தனிப் படிவம். அடிமைப் படிவத்தில் உடைமையாளர் பெயர், வரிசை எண், வயது, பால், நிறம், தப்பியோடியவரா, விடுதலை செய்யப்பட்டவர் எத்தனை, காது கேளாதவர், பார்வையற்றவர், மனநிலை பாதித்தவர் என்று பத்திகள். 1860-ல் அடிமைக் குடில்கள் எத்தனை என்று ஒரு பத்தி சேர்ந்தது. இரண்டு முறையும் கணக்கு நாள் ஜூன் 1. கணக்கெடுப்பாளர் ஆகஸ்டில் வந்தாலும் ஜூன் 1-ல் இருந்த நிலையைத்தான் எழுத வேண்டும். எல்லோரும் அப்படி எழுதினார்கள் என்று சொல்ல மாட்டேன்.

பெயர்ப் பத்தி முதலில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1850 சென்சஸுக்கான வரைவில் அடிமைகளின் பெயரைக் கேட்கும் பத்தியும், ஒரு தாய்க்கு எத்தனை குழந்தைகள் என்ற கேள்வியும் இருந்தன. செனட் விவாதத்தில் தென் மாநில உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். பெயருக்குப் பதில் எண் போட்டால் போதும் என்று திருத்தம் கொண்டுவந்தவர் தென் கரோலினாவின் ஆண்ட்ரூ பட்லர். அது நிறைவேறியது. ஆக 1850-ல் 32 லட்சம் பேரும் 1860-ல் 39.5 லட்சம் பேரும், சில இடங்கள் தவிர, எண்களாக நிற்கிறார்கள். பெயர் இல்லாமல் போனது மறதியால் நடந்ததல்ல. வாக்கெடுத்து நீக்கினார்கள்.

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். 1860-ல் ஜார்ஜியாவில் மட்டும் 4,62,198 அடிமைகள். உங்கள் கவுண்டியின் அடிமைப் படிவம் முழுவதையும் ஒரு தடவை புரட்டி, 8, 9, 10 வயதுப் பெண் குழந்தைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள்.

காவிரிக்கரை

ஐயா, ஒரு அடிப்படைச் சந்தேகம். அப்படியானால் 1870-க்கு முன்னால் கறுப்பினத்தவர் யாருடைய பெயரும் சென்சஸில் கிடையாதா?

ஏடு_புரட்டி

அப்படி இல்லை தம்பி. 1860-ல் சுமார் 4.88 லட்சம் கறுப்பினத்தவர் சுதந்திர மக்களாக இருந்தார்கள். அவர்கள் 1850, 1860 இரண்டிலும் சுதந்திர மக்கள் படிவத்தில் பெயரோடு இருக்கிறார்கள். அதனால் தேடும்போது முதலில் அதைப் பார்த்துவிட வேண்டும். எங்கள் முன்னோர் நிச்சயம் அடிமைதான் என்று நினைத்து அந்தப் படிவத்தைத் திறக்காமலே விட்டவர்கள் உண்டு.

அடிமைப் படிவத்திலேயே பெயர் எழுதிய கணக்கெடுப்பாளர்களும் சிலர் இருந்தார்கள். 1860-ல் வர்ஜீனியாவின் ஹேம்ப்ஷயர் கவுண்டி, 1850-ல் டெக்சஸின் பௌவி கவுண்டி இரண்டும் பலரும் சொல்லும் உதாரணங்கள். விதியை மீறி ஏன் எழுதினார்கள் என்று அவர்கள் குறித்து வைக்கவில்லை. உங்கள் கவுண்டி அந்தச் சிலவற்றில் இல்லை என்றால், விடுதலைக்குப் பிறகு எடுத்த முதல் சென்சஸான 1870-தான் பெயரின் முதல் கதவு.

கணக்கன்

ஆனால் குடும்பப் பெயர் பொருந்துகிறதே ஐயா. அது சும்மா வராதே.

நெல்லைக்காரி

நான் சொல்கிறேன். குடும்பப் பெயரை நம்பி நான் மூன்று வருடம் வீணாக்கியிருக்கிறேன், என் தோழி ஒருத்தியின் குடும்பத்துக்காக. விடுதலையானவர்கள் எல்லோரும் கடைசி எஜமானின் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள் என்பது தப்பான எண்ணம். சிலர் அப்படி வைத்துக்கொண்டார்கள். சிலர் அதற்கு முந்தைய எஜமானின் பெயரை, தாயோ தகப்பனோ முதலில் இருந்த தோட்டத்தின் பெயரை வைத்திருந்தார்கள். அடிமையாக இருக்கும்போதே தங்களுக்குள் ஒரு குடும்பப் பெயரை ரகசியமாகப் புழங்கியவர்களும் உண்டு. 1870-ல் ஒரு பெயர், 1880-ல் வேறு பெயர் என்று மாற்றியவர்களும் உண்டு. அண்ணன் ஒரு பெயர், தம்பி ஒரு பெயர்.

நம்ம ஊரில் வீட்டுப் பெயர், தாத்தா பெயர், ஊர்ப் பெயர் என்று இன்ஷியல் ஓடுகிற மாதிரி அவர்களுக்கும் அதில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஜார்ஜியா_மருமகள்

ஐயா, சொன்னபடி எண்ணினேன். மூன்று இரவு ஆனது. என் கவுண்டியில் மட்டும் 8 முதல் 10 வயதுக்குள் நூற்றுக்கணக்கான பெண் குழந்தைகள். ஒரு கட்டத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அந்த வரிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் இந்த ஆவணத்தால் என்னதான் பயன்?

ஏடு_புரட்டி

பயன் இருக்கிறது அம்மா. ஆனால் ஆளைக் கண்டுபிடிக்க இது உதவாது. வேறு வழியில் நீங்கள் கண்டுபிடித்ததைச் சரிபார்க்கத்தான் உதவும். இந்தப் படிவத்திலிருந்து தொடங்கினால் திசை தப்பும். 1870-லிருந்து பின்னோக்கி நடந்து, உடைமையாளர் யார் என்று வேறு ஆவணத்தில் உறுதி செய்துகொண்டு, அதற்கு அப்புறம் இதைத் திறக்க வேண்டும்.

வாசிக்கும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்த 14 வரிகளில் எத்தனை பொறி இருக்கிறது பாருங்கள்.

உடைமையாளர் என்று எழுதப்பட்டவர் உண்மையான உடைமையாளராக இருக்க வேண்டியதில்லை. 1850-ல் கணக்கெடுப்பாளர்களுக்குக் கொடுத்த அறிவுரையிலேயே இது இருக்கிறது: அடிமை யார் வீட்டில், யார் தோட்டத்தில் வேலை செய்வதாகக் காணப்படுகிறாரோ அவரையே உடைமையாளராகக் கொள்ளலாம். அடிமைகளின் எண்ணிக்கைதான் வேண்டும், எஜமானர்களின் எண்ணிக்கை அல்ல. வருடக் குத்தகைக்கு அடிமைகளை வாடகைக்கு விடுவது அன்று சாதாரண வழக்கம். விதவையின் அடிமைகள் மைத்துனர் பெயரில் இருப்பார்கள். மைனர் பிள்ளைகளின் அடிமைகள் கார்டியன் பெயரில் இருப்பார்கள்.

வயது எஜமானோ மேற்பார்வையாளரோ வாய்வார்த்தையாகச் சொன்னது. 30, 35, 40, 50 என்று முழு எண்கள் குவிந்து கிடக்கும். 9 என்பது ஏழாகவும் இருக்கலாம், பதினொன்றாகவும் இருக்கலாம். 1870-ல் கொள்ளுப்பாட்டி சொன்ன 19-உம் அப்படித்தான். தன் பிறந்தநாளைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருந்ததில்லை. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை மட்டும் 3/12, 7/12 என்று மாதக் கணக்கில் எழுதியிருப்பார்கள். அது ஓரளவு நம்பகமானது, கணக்கெடுத்த வருடத்தில் பிறந்த பிள்ளை என்பதால்.

வரிசையைப் பார்த்துக் குடும்பத்தைக் கட்டாதீர்கள். பெரும்பாலான பட்டியல்கள் மூத்தவரிலிருந்து இளையவர் என்று இறங்கும். 28 வயதுப் பெண்ணுக்கு அடுத்த வரியில் 5 வயதுப் பையன் இருந்தால் அவள் பிள்ளை என்று நினைக்கத் தோன்றும். சில இடத்தில் அது உண்மையாகவும் இருக்கும், ஏனென்றால் சில கணக்கெடுப்பாளர்கள் குடில் குடிலாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஆள் எப்படி எழுதினார் என்று தெரிந்துகொள்ள முன்னும் பின்னும் பத்துப் பக்கம் பார்க்க வேண்டும். வயது ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தால் குடும்பமாக எழுதியிருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, சின்னது ஆனால் நிறையப் பேர் தடுக்கி விழுவது: ஒரே பக்கத்தில் இரண்டு பட்டியல் பக்கம் பக்கமாக இருக்கும். இடது பக்கம் கீழே முடிந்து வலது பக்கம் மேலே தொடரும். உடைமையாளர் பெயர் ஒரு தடவைதான் இருக்கும். தேடல் தளங்களில் படத்தைப் பார்க்காமல் குறிப்பை மட்டும் பார்த்தால் பாதிப் பேர் வேறு ஆளின் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். 14 என்று எண்ணினீர்களே, அடுத்த பத்தியையும் பார்த்தீர்களா?

ஜார்ஜியா_மருமகள்

பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். 17 பேர்.

நெல்லைக்காரி

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன் அக்கா. கறுப்பு, முலாட்டோ (கறுப்பு, வெள்ளை கலந்த வம்சம்) என்று இரண்டே குறிதான். எழுதியவர் கண்ணுக்குப் பட்டது. பல நேரம் ஆளைப் பார்க்காமலே எழுதியது. ஒரே ஆள் ஒரு சென்சஸில் கறுப்பு, அடுத்ததில் முலாட்டோ. முலாட்டோ என்று இருந்தால் எஜமான்தான் தகப்பன் என்று முடிவு கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நடந்த கொடுமைதான், நிறைய நடந்தது, மறுக்கவே முடியாது. ஆனால் ஒரு எழுத்தை வைத்து ஒரு குறிப்பிட்ட பெண்ணின் வாழ்க்கையை நாம் எழுதக்கூடாது. மரபணுச் சோதனையில் அந்த வெள்ளைக் குடும்பத்தின் வாரிசுகளோடு பொருத்தம் வந்தால் அது வேறு. அப்போதும் எந்தத் தலைமுறை, எந்த ஆண் என்று சொல்ல ஆவணம் வேண்டும்.

போர்ட்லூயி_தமிழன்

மொரீசியஸிலிருந்து எழுதுகிறேன். என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும், பள்ளியில் படித்த தமிழ்.

எங்கள் நாட்டு ஆவணங்கள் இதற்கு நேர் எதிர். 1810-ல் பிரிட்டிஷார் தீவைப் பிடித்த பிறகு அடிமைப் பதிவேடு வந்தது. அதில் பெயர் இருக்கிறது, வயது, உயரம், தொழில், உடம்பில் உள்ள தழும்பு, பிறந்த நாடு எல்லாம் இருக்கிறது. அந்தப் பேரேடுகள் லண்டனில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஏன் இந்த வித்தியாசம் என்று நான் நிறைய யோசித்தேன். 1807-ல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது, அடிமை முறையை அல்ல. கள்ளத்தனமாகப் புது ஆட்களை இறக்குகிறார்களா என்று கண்டுபிடிக்க ஒவ்வொருவரையும் தனித்தனியாக அடையாளம் தெரிய வேண்டியிருந்தது. 1812-ல் டிரினிடாடில் தொடங்கி மற்ற காலனிகளுக்குப் பரவிய ஏற்பாடு அது. அமெரிக்க சென்சஸுக்கு அந்தத் தேவை இல்லை. அவர்கள் அரசியல் சாசனப்படி ஐந்து அடிமைகளை மூன்று ஆட்களாகக் கணக்கிட்டு நாடாளுமன்ற இடங்களைப் பிரித்தார்கள். அதற்குத் தலை எண்ணிக்கை போதும்.

எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கூலிக் குடியேற்றம் தொடங்கியது 1834-ல். ஆனால் அம்மா வழியில் ஒரு கிளை அதற்கு முந்தையது. பதிவேட்டில் அவருக்கு நேரே நாடு என்ற இடத்தில் மலபார் என்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் தென்னிந்தியர்களை, தமிழர்களையும் சேர்த்து, அந்தப் பெயரில்தான் சொன்னார்கள். புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து பிரெஞ்சு காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று பள்ளியில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பெயர் இருக்கிறது என்றேன். ஆனால் அது எஜமான் வைத்த பிரெஞ்சுப் பெயர். அம்மா வைத்த பெயர் என்ன என்று எந்தப் பத்தியும் கேட்கவில்லை. அக்காவின் அட்டவணையில் பெயர் இல்லை, எங்களுடையதில் வேறு யாரோ வைத்த பெயர். எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏடு_புரட்டி

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். ஆவணம் எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டால்தான் அதில் எது இருக்கும், எது இருக்காது என்று தெரியும். சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள்.

அமெரிக்காவிலும் காசு சம்பந்தப்பட்ட இடங்களில் பெயர் உண்டு. வாஷிங்டன் நகரத்தில் 1862 ஏப்ரலில் அடிமை முறையை ஒழித்தபோது உடைமையாளர்களுக்கு ஆளுக்கு 300 டாலர் வரை நஷ்ட ஈடு. அதற்கான மனுக்களில் ஒவ்வொருவரின் பெயர், வயது, அடையாளம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். மேரிலாண்டில் 1864 நவம்பர் 1-ல் விடுதலை. நஷ்ட ஈடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் 1867-ல் பெயர்ப் பட்டியல் தயாரித்தார்கள். ஜார்ஜியாவுக்கு அப்படி ஒன்று இல்லை.

சரி, நம் அம்மாவின் வேலைக்கு வருவோம். உங்களுக்கு இரண்டு வேலை.

முதல் வேலை, கொள்ளுப்பாட்டியை விட்டுவிட்டு அவரைச் சுற்றி இருப்பவர்களைத் தேடுங்கள். பக்கத்து வீட்டு 45 வயதுப் பெண் தாயாராக இருக்கலாம். 1870 சென்சஸில் உறவுமுறை எழுதும் பத்தி கிடையாது, 1880-ல்தான் வந்தது. அதனால் 1880-ல் அந்தப் பெண் யார் வீட்டில், என்ன உறவில் இருக்கிறார் என்று பாருங்கள். கூடப்பிறந்தவர்களையும் தேடுங்கள். ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்க் என்று 1865-ல் தொடங்கி 1874-ல் மூழ்கிய ஒரு வங்கி. விடுதலையானவர்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அதில் போனது. ஆனால் கணக்குத் தொடங்கும்போது எழுதிய விவரம் பிழைத்திருக்கிறது: பிறந்த ஊர், வளர்ந்த ஊர், அப்பா, அம்மா, அண்ணன் தம்பி அக்கா தங்கை. முந்தைய படிவங்களில் பழைய எஜமான் பெயரும் உண்டு. ஜார்ஜியாவில் அட்லாண்டா, அகஸ்டா, சவானா எல்லா இடத்திலும் கிளை இருந்தது. கொள்ளுப்பாட்டி கணக்கு வைத்திருக்க வேண்டியதில்லை. அண்ணனோ தம்பியோ வைத்திருந்தால் போதும்.

இரண்டாவது வேலை, அந்த வெள்ளைக் குடும்பத்தின் பாகப்பிரிவினை. நம் ஊரில் நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று மூலப்பத்திரம் தேடுவோமே, அப்படி. 1850-க்கும் 1865-க்கும் இடையில் அந்தக் குடும்பத்தில் யார் இறந்தார்கள்? ஜார்ஜியாவில் உயில், சொத்து மதிப்பீடு எல்லாம் கோர்ட் ஆஃப் ஆர்டினரி என்ற கவுண்டி நீதிமன்றத்தின் பேரேட்டில் இருக்கும். குதிரை, கட்டில், பருத்தி மூட்டை எல்லாவற்றோடும் ஆட்களின் பெயரும் மதிப்பும் எழுதியிருக்கும். அங்கே பெயர் உண்டு, பங்கு பிரிக்கப் பெயர் தேவைப்பட்டதால்.

மகள்களை மறக்காதீர்கள். நம் ஊரில் சீதனமாக நகையும் நிலமும் போன மாதிரி அங்கே அடிமைகள் போனார்கள். மருமகன் வீட்டுக்குப் போனதும் உடைமையாளரின் குடும்பப் பெயர் மாறிவிடும்.

காவிரிக்கரை

சீதனம் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது ஐயா. ஒரு குழந்தையைக் கல்யாணப் பரிசாகக் கொடுப்பது. வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

கணக்கன்

நான் முதலில் அவசரப்பட்டு எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரே கவுண்டியில் அதே வயதில் இத்தனை பேர் இருக்கும்போது வயது பொருந்துகிறது என்பதற்கு எடையே இல்லை. அதைக் கேட்காமலே வாழ்த்துச் சொல்லிவிட்டேன்.

மேடத்துக்கு ஒரு யோசனை. உடைமையாளர் யார் என்று தெரிந்த பிறகு, ஒருவரை மட்டும் பொருத்திப் பார்க்காதீர்கள். தாய், பிள்ளைகள் என்று மூன்று நான்கு பேர் கொண்ட கூட்டமாகப் பொருத்துங்கள். 9 வயதுப் பெண் எங்கும் கிடைப்பாள். இந்த வயதுத் தாய், இந்த வயது மூத்த பையன், இந்த வயதுப் பெண், இந்த வயதுக் கைக்குழந்தை என்று நால்வரும் ஒரே பட்டியலில் இருப்பது அரிது.

ஜார்ஜியா_மருமகள்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நிறைய இருக்கிறது, வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

1880-ல் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் கொள்ளுப்பாட்டியின் வீட்டிலேயே இருக்கிறார். உறவு: மாமியார். குடும்பத் தலைவர் கொள்ளுத்தாத்தா, அதனால் அவருக்கு மாமியார். கொள்ளுப்பாட்டிக்கு அம்மா. இதைக் கண்ட அன்று அத்தைக்குப் போன் செய்தேன். அத்தை அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவர் சித்தி ஒருத்தருக்கு அதே பெயர். ஏன் அந்தப் பெயர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்ததாம்.

பிறகு வங்கிப் பதிவு. சவானா கிளையில் 1872-ல் ஒருவர் கணக்குத் தொடங்கியிருக்கிறார். வயது 25. பிறந்தது எங்கள் கவுண்டி. அம்மா பெயர் அதே பெயர். தங்கை என்ற இடத்தில் கொள்ளுப்பாட்டியின் பெயர். தம்பி ஒருவர் பெயரும் இருக்கிறது. அப்படி ஓர் அண்ணன் இருந்ததே யாருக்கும் தெரியாது.

பிறகு பாகப்பிரிவினை. ஐயா சொன்னது போல அந்த நிலக்காரரின் அப்பா 1857-ல் இறந்திருக்கிறார். கவுண்டியில் பேரேட்டைப் புரட்ட ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். மதிப்பீட்டுப் பட்டியலில் மூன்றாவது பக்கத்தில் இருக்கிறார்கள். தாய், கைக்குழந்தையோடு ஒரே வரியில். அடுத்த வரியில் பையன். அதற்கடுத்த வரியில் கொள்ளுப்பாட்டி. மூன்று பிள்ளைகளின் பெயரும் வங்கிப் பதிவில் உள்ளபடியே. ஒவ்வொரு வரிக்கும் எதிரே டாலர் தொகை. மேல் வரியில் ஒரு கோவேறு கழுதை ஜோடி. தொகையை இங்கே எழுதமாட்டேன். அத்தையிடம் கேட்டேன், மரத்தில் அந்த எண் இருக்கவே கூடாது என்றார்.

பங்கு பிரித்ததில் நால்வரும் மகளின் பங்குக்குப் போயிருக்கிறார்கள். மகள் கல்யாணமாகி வேறு குடும்பப் பெயர். மருமகன் பெயரை வைத்து 1860 அட்டவணையைத் திறந்தேன். 6 வரிகள்தான், 2 குடில்கள். 36 பெண், 13 ஆண், 8 பெண், 4 ஆண், இன்னும் இரண்டு பேர். கணக்கன் சொன்ன கூட்டம்.

நான் பார்த்து அழுத 9 வயதுப் பெண் கொள்ளுப்பாட்டி இல்லை. அவள் அந்த நிலக்காரரின் பட்டியலில் இருந்த வேறொரு குழந்தை. கொள்ளுப்பாட்டி 8 என்று எழுதப்பட்டிருக்கிறார், குடும்பப் பெயரே பொருந்தாத ஒருவரின் கீழே.

நெல்லைக்காரி

அக்கா! சரியாகப் பொருந்தின வயது தப்பு, ஒன்று தள்ளின வயது சரி. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லப் போகிறேன் தெரியுமா.

குடும்பப் பெயரையும் பாருங்கள். மருமகன் பெயரை வைத்துக்கொள்ளாமல், தாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்த பழைய இடத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். சவானா போன அண்ணனும் அதே பெயர்தானே? பிரிந்தாலும் ஒருவரை ஒருவர் தேட அந்தப் பெயர்தான் வழி.

ஜார்ஜியா_மருமகள்

அண்ணனும் அதே பெயர்தான்.

மரத்தில் இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள். கொள்ளுப்பாட்டியின் பிறப்பு: சுமார் 1851–52. ஆதாரம்: 1857 மதிப்பீடு, 1870, 1880 சென்சஸ், அண்ணனின் வங்கிப் பதிவு. 1860 அட்டவணையைத் தனிக் குறிப்பாக வைத்திருக்கிறேன்: பெயர் இல்லை, நால்வரின் வயதும் பாலும் பொருந்துகின்றன, அதனால் இவர்களாக இருக்க மிகவும் வாய்ப்பு உண்டு.

அந்த இன்னொரு 9 வயதுக் குழந்தையை நான் விடவில்லை. அவள் இருந்த பட்டியலின் படத்தையும், அந்த நிலக்காரருக்கு 1858-ல் எந்தப் பங்கு வந்தது, அதில் யார் யார் பெயர் என்பதையும் முழுவதுமாகப் படி எடுத்து, பொதுவில் தேடினால் கிடைக்கிற மாதிரி ஏற்றிவிட்டேன். எங்கேயோ அவளுடைய கொள்ளுப்பேத்தி தேடிக்கொண்டிருப்பாள்.

ஏடு_புரட்டி

அம்மா, குறிப்பு எழுதிய விதம் சரி. ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். மற்ற பங்குகளையும் படி எடுத்தீர்களே, அதற்குத் தனியாக நன்றி. எங்கள் நூலகத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு விடை இப்படி வேறு யாரோ படி எடுத்து வைத்ததில்தான் கிடைத்தது.

தாயாரின் பிறந்த இடம் வர்ஜீனியா என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். அதை மறந்துவிடாதீர்கள்.

ஜார்ஜியா_மருமகள்

மறக்கவில்லை ஐயா. அதைத்தான் கேட்க வந்தேன். சுமார் 1825-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர் எப்படி இங்கே வந்தார்?

ஏடு_புரட்டி

1790-க்கும் 1860-க்கும் இடையில் சுமார் பத்து லட்சம் பேரை வர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கமிருந்து பருத்தி விளையும் தெற்குக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விதம். எஜமானே குடிபெயர்ந்தபோது கூட இழுத்து வந்தது ஒன்று. தரகர்கள் வாங்கி, சங்கிலியில் நடத்தியோ கப்பலிலோ கொண்டுவந்து விற்றது இன்னொன்று. எது என்று தெரிந்துகொள்ள, 1857-ல் இறந்தவரை 1850 சுதந்திர மக்கள் படிவத்தில் பாருங்கள். அவரும் மனைவியும் எங்கே பிறந்தவர்கள்?

ஜார்ஜியா_மருமகள்

இப்போதுதான் பார்த்தேன். இரண்டு பேரும் ஜார்ஜியா. பிள்ளைகள் எல்லோரும் ஜார்ஜியா.

ஏடு_புரட்டி

அப்படியானால் பெரும்பாலும் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். கவுண்டிப் பத்திரப் பதிவேட்டில் விற்பனைச் சீட்டு இருக்கலாம். நிலப் பத்திரங்களின் நடுவிலேயே கலந்து கிடக்கும், குறியீட்டுப் பட்டியலில் வாங்கியவர் பெயரைத் தேடுங்கள். மூத்த பையன் உங்கள் கவுண்டியில் பிறந்ததாக வங்கிப் பதிவு சொல்கிறது, அவன் பிறந்தது 1847 வாக்கில். அதனால் தாயார் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். 1847-லிருந்து பின்னோக்கிப் புரட்டுங்கள். கடல் வழியாக வந்திருந்தால் கப்பல் பட்டியலும் பார்க்கலாம். 1808-லிருந்து கரையோரமாக அடிமைகளை ஏற்றிச் செல்லும் 40 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் பெயர், வயது, உயரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம். நார்ஃபோக், ரிச்மண்ட் பக்கமிருந்து சவானாவுக்கு வந்தவற்றில் தொடங்குங்கள்.

ஜார்ஜியா_மருமகள்

கடைசிப் பெயர் இல்லாமல் முதல் பெயர் மட்டும்தானே இருக்கும்?

ஏடு_புரட்டி

பெரும்பாலும் அப்படித்தான். அதனால் முதலில் விற்பனைச் சீட்டு. அதில் விற்றவன் பெயர் கிடைத்தால், அந்தப் பெயரோடு கப்பல் பட்டியலைத் திறங்கள். அனுப்பியவன் பெயரும் அதில் இருக்கும்.

ஜார்ஜியா_மருமகள்

வியாழக்கிழமை விடுப்புக் கேட்டிருக்கிறேன். அத்தையும் கூட வருகிறேன் என்கிறார்.